நிழல் பக்கத்து வெள்ளை

படத்தில் இருப்பது தாமிரபரணிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. படத்தை வரைந்த வெள்ளைக்காரக் கேப்டன் துரையே அடியில் ஆற்றின் பெயரைத் தன் கையால் எழுதியிருந்தார், நம் வாய்க்கு இதமான பெயரைத் தன் வாய்க்குத் தோதாக மென்று. சந்தேகமெல்லாம் கரையைப் பற்றித்தான். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் வேலை சுகந்தியின் தலையில் வந்து விழுந்திருந்தது. அருங்காட்சியகத்தில் பழைய ஓவியப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஏசியின் உறுமலுக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்த மேஜையின் மேல் படம் மல்லாந்து கிடந்தது. பென்சிலும் பழுப்பு மையும். ஒரு முழ அகலம்கூட இருக்காது. நடுவில் இடிந்த கல்மண்டபம், அதன் பின்னால் சுவர் மாதிரி ஒன்று, வலது பக்கம் ஆறு, இடது பக்கம் குடிசை என்று சொன்னால் குடிசை, பாறை என்று சொன்னால் பாறை. மண்டபத்தை ஒட்டி இன்றைக்கு நாற்பது வீடுகள் நிற்கின்றன. வண்ணாந்துறை என்று பெயர். எல்லாம் நேற்று முந்தாநாள் வந்து குந்தியவர்கள், இடித்துவிட்டு நடைபாதை போடப்போகிறோம் என்கிறது அரசாங்கம். இல்லை, வெள்ளைக்காரன் காலத்துக்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்கிறார்கள் அவர்கள். காகிதம் எங்கே என்றால் ஆறு கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். இந்தப் படம் ஒன்றுதான் மிச்சம். படத்தில் மனிதர்கள் குடியிருந்ததற்கு அடையாளம் உண்டா என்று கோர்ட் கேட்டிருக்கிறது. உண்டு என்றோ இல்லை என்றோ அவள் எழுத வேண்டும். மத்தியானம் அரசு வக்கீலின் ஜூனியர் வந்து வாங்கிப்போவார். இதில் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த நாற்பதில் ஒரு வீட்டில்தான் சுகந்தி பிறந்தாள். அப்போது அவள் பெயர் இசக்கியம்மாள்.

லென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தாள். இடது ஓரத்திலிருந்தே தொடங்குவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஏதோ வகுப்பு எடுக்கிறவள் மாதிரி. குடிசைகள் மூன்று, கூரை தாழ்ந்து, வாசல் கருத்து. தண்ணீர் ஓரமாக ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். முன்னால் கல் இருக்கிறது. கையில் எதையோ ஓங்கியிருக்கிறாள். இது போதாதா? பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள், இதோ வீடு, இதோ துவைக்கிறவள் என்று. அந்த நேரம் பார்த்து வைதேகி டீயோடு வந்து நின்றாள். பக்கத்து மேஜைப் பெண், ஏழு வருஷமாக ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள், கெட்டிக்காரி. டீயைப் படத்துக்கு எட்டாத ஸ்டூலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அக்கா, இவ நம்ம வைகை அம்மாதானே?" என்றாள். "அந்த மதுரைப் படத்துல இதே இடுப்பு, இதே கை. காவேரிப் படத்துல கையில குடம் மட்டும் மாத்திக் குடுத்திருப்பாரு. துரை ஊர் ஊரா ஒரே பொம்பளைய கூட்டிட்டுப் போயிருக்காரு போல." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சுகந்திக்கும் அது தெரியாததல்ல. அந்தக் காலத்துத் துரைமார் கல்லையும் மண்ணையும்தான் நேரில் உட்கார்ந்து வரைவார்கள். ஆள், ஆடு, பனைமரம், குடிசை எல்லாம் பங்களாவுக்குப் போன பிறகு, படம் வெறிச்சோடக் கூடாதே என்று மாதிரி ஏட்டைப் பார்த்துச் சேர்ப்பது. குழம்பு இறக்கியதும் தாளித்துக் கொட்டுகிற மாதிரி. ஆகவே அந்தப் பெண் இல்லை. அவள் குனிந்த கல் இல்லை. மூன்று குடிசையும் இல்லை, அதே மூன்று குடிசை காவேரியிலும் இருக்கிறது. அவள் இல்லையென்றால் அவளுக்குப் பிறந்தவள் இல்லை, அவளுக்குப் பிறந்தவளுக்குப் பிறந்தவள் இல்லை, அம்மா இல்லை, நான் இல்லை. ஒரு தாளிப்பு. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஆடையை விரலால் எடுத்து எறிந்துவிட்டுக் குடித்தாள், குடித்த பிறகுதான் விரலைச் சேலையில் துடைத்தது ஞாபகம் வந்தது, கறை போகுமா. உவர்மண் போட்டால் போகும். எவ்வளவு சுளுவாக வருகிறது இந்த வண்ணாந்துறைச் சொல். எத்தனை வருஷம் எத்தனை புத்தகம் படித்தும் உவர்மண் மட்டும் நாக்கடியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, யாரிடமாவது ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிடப் போகிறாள்.

நேற்று பேச்சித்தாய்ச் சித்தி போன் செய்திருந்தாள். அம்மாவின் கூடப்பிறந்தவள். அம்மா செத்த பிறகு பொங்கலுக்கு ஒரு தடவை கூப்பிடுவாள், நல்லா இருக்கியா, இருக்கேன், அவ்வளவுதான், எந்த நேரம் கூப்பிட்டால் இவளுக்குச் சங்கடம் என்று தெரிந்து நடக்கிற மனுஷி. இவள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அப்பா வரவேண்டாம் என்றார், சரி மச்சான் என்றாளாம். "ஏட்டி, அந்தப் படம் உன் ஆபீஸ்லதான் இருக்காம், எங்க வக்கீலு சொல்லுதாரு. நீதான் எழுதணுமாம்லா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல பாத்துக்க. நான் யாருகிட்டயும் உன் பேரச் சொல்லல. நம்ம புள்ள ஒண்ணு அங்கன இருக்குன்னு மட்டும் சொன்னேன். அம்புட்டுதான்." அம்புட்டுதான். நம்ம புள்ள ஒண்ணு. நாற்பது வீட்டுக்குச் சொன்னது நாலாயிரம் பேருக்குப் போக எவ்வளவு நேரமாகும். அவர்கள் வக்கீலுக்குப் போகும், அவர் வாய் சும்மா இருக்குமா, கோர்ட்டில் எதிர்வக்கீலுக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்காரரின் அண்ணன் காதுக்குப் போகும், அவருக்குத்தான் ஊரெல்லாம் வக்கீல் சிநேகிதம். இந்தப் பயம் புதிதல்ல. அவளுக்கு ஏழு வயதில் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பிடித்தது. பெயரை மாற்றினார், பேச்சை மாற்றினார், சாதிச் சான்றிதழே வாங்கவில்லை, சலுகையும் வேண்டாம் சனியனும் வேண்டாம், படிச்சு மேல வா என்றார். வந்தாள். காதலித்துக் கட்டியவர் நீங்க என்ன ஆளுக என்று கேட்கவில்லை, அவர் வீட்டார் கேட்டார்கள், அப்பா கண் இமைக்காமல் ஒரு பொய் சொன்னார், பிள்ளைமார் என்று. அந்தப் பொய்யின் மேல்தான் வீடு, குக்கர், பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை மகள் தாரிணியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம். வீட்டுக்காரருக்குத் தெரியுமோ? தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரோ? ஒருமுறை ரயில் அந்தப் பாலத்தின் மேல் போனபோது அவர் ஜன்னலைக் காட்டி, பார் உங்க ஆறு என்றார். அவள் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றாள். உங்க ஆறு என்று ஏன் சொன்னார். திருநெல்வேலிக்காரி என்பதால் சொல்லியிருப்பார். வேறு எதற்குச் சொல்லப் போகிறார்.

மறுபடி லென்ஸ். குடிசை போச்சு, பெண் போச்சு, மண்டபத்தைப் பார். மண்டபம் நேரில் உட்கார்ந்து வரைந்தது. கோடு தயங்கித் தயங்கிப் போகிறது, ஒரு தூணை அழித்துத் திரும்ப வரைந்திருக்கிறார், பொய் சொல்லுகிறவன் கை அழித்து எழுதாது. தூண்களுக்குப் பின்னால், சுவரில், வெள்ளையாக ஒரு வரிசை. பழைய கேட்டலாக்கில் யாரோ ஒரு பெரியவர் இதை இடிந்த வளைவுகள் என்று எழுதிவைத்துப் போயிருக்கிறார், எல்லாரும் அதையே எழுதுகிறார்கள், அவளும் எழுதியிருப்பாள். இந்த மாதிரிப் படத்தில் வெள்ளை என்று தனியாக மை கிடையாது. பழுப்பைப் பூசாமல் விட்ட இடம்தான் வெள்ளை, வெளிச்சம் விழுகிற இடம். வெயில் இடது பக்கத்திலிருந்து அடிக்கிறது, தூண் நிழலெல்லாம் வலது பக்கம் சாய்கிறது. அப்படியானால் மண்டபத்து மறைவில் நிற்கும் இந்தச் சுவர் நிழலில் இருக்கிறது. நிழலில் இருப்பதை ஏன் பூசாமல் விட்டார்? வளைவு என்றால் இந்த மண்டபத்துக்கு ஏது வளைவு, தூணும் அதன்மேல் உத்தரமும்தானே நம் கொத்தர் வேலை. அதுவும் இந்த வளைவுகள் மேல் நோக்கி வளையவில்லை. கீழ் நோக்கித் தொங்குகின்றன. மேலே முனை முனையாக, முனைக்கும் முனைக்கும் நடுவே தொய்ந்து. அவள் லென்ஸை இன்னும் இறக்கினாள். தூணிலிருந்து தூணுக்கு ஒரு கோடு ஓடுகிறது, இல்லை இரண்டு கோடு, ஒன்றை ஒன்று தழுவித் தழுவி. வலது கைச் சுட்டுவிரல் விண்ணென்று வலித்தது. நிஜமாகவே வலித்தது, அவள் கையை உதறினாள். முறுக்குக் கயிறு. இரண்டு புரியாக முறுக்கித் தூணுக்குத் தூண் கட்டுவது, கிளிப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது, புரியைப் பிரித்துத் துணியின் முனையைச் சொருகிவிட்டால் புயலடித்தாலும் பறக்காது. புரியை அம்மா பிரித்துப் பிடிப்பாள், முனையைச் சொருக வேண்டியது இவள். சொருகுவதற்குள் அம்மா விட்டுவிட்டாள் ஒருநாள், விரல் உள்ளே மாட்டி நகம் கருத்து விழுந்தது. கயிற்றின் மேல் மடித்துப் போட்ட துணி இப்படித் தொங்காது. கொக்கியில் மாட்டிய துணி இப்படித் தொங்காது. முனையைப் புரியில் சொருகிய துணிதான் இப்படித் தொங்கும். ஒன்று, இரண்டு, மண்டபம் முழுக்க. ஓர் ஊரின் வேட்டி சேலை அத்தனையும். வழிப்போக்கன் ஒருவன் தன் துண்டைக் காயப்போட்டதல்ல இது. கேப்டன் துரைக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது, கண்ணில் பட்டதை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். தெரியாததால்தான் அது பொய்யில்லை. அப்போதே இருந்திருக்கிறார்கள். அவள் கண் நிறைந்துவிட்டது. படத்தின் மேல் சொட்டிவிடுமோ என்று பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

பதறியது படத்துக்காக மட்டுமல்ல. அவளுக்குச் சந்தோஷம் வந்திருந்தது, அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே அந்த நாற்றமும் வந்துவிட்டது, வெள்ளாவிப் பானையில் அவியும் அழுக்கின் நாற்றம். இருட்டும் நேரம் அம்மாவோடு மேலத்தெருவுக்குப் போவாள், துணி வெளுத்துக் கொடுத்த வீடுகளில் கூலியாகச் சோறு வாங்க. புறவாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். சோறு வரும், கூடவே குழம்பு. ஒரே சட்டிதான், இந்த வீட்டுப் புளிக்குழம்பின் மேல் அந்த வீட்டுச் சாம்பார், அதன் மேல் இன்னொரு வீட்டு ரசம். எல்லா வீட்டுக் குழம்பும் கலந்த அந்தச் சோற்றுக்கு ஒரு ருசி உண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. ஒருநாள் சோறு போட வந்தவள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை. மறுநாள் அந்தப் பிள்ளை இடம் மாறி உட்கார்ந்தாள், அதற்காக அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. வைதேகி மாறி உட்காருவாளா? மாட்டாள், இந்தக் காலத்தில் யார் அப்படி. இன்னும் அன்பாக இருப்பாள். டப்பாவைத் திறந்து, எடுத்துக்கோங்க அக்கா, எடுத்துக்கோங்க என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுவாள். அந்த இரண்டாவது தடவையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் இரண்டாவது தடவையெல்லாம் சொல்ல மாட்டார்கள், வரமாட்டார்கள், அவ்வளவுதான். தாரிணி கேட்பாள், ஏம்மா, என்று. இருபத்தி மூன்று வயதுப் பெண்ணிடம் உட்கார வைத்து என்ன சொல்வது, உன் பெயரைத் தவிர எல்லாம் பொய் என்றா? இங்கே நாற்பது வீடு. அங்கே ஒரு வீடு. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் அந்த ஒன்று அவளுடையது. துணி என்று எழுதினால் போதாதா, தெரிந்த விதத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? வெளிச்சக் கணக்கு இருக்கிறது, உத்தரக் கணக்கு இருக்கிறது. எழுதினாள். சுவரில் காணப்படும் வெள்ளைப் பகுதிகள் கட்டடத்தின் பகுதியல்ல, முறுக்குக் கயிற்றில் உலர்த்தப்பட்ட துணிகள், அளவைப் பார்த்தால் இவ்விடத்தில் சலவைத் தொழில் செய்வோர் நிலையாக இருந்தது தெளிவு. எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவர் திட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

அரசு வக்கீலின் ஜூனியர் கதிரேசன் நல்ல மாதிரியான பிள்ளை. வெயிலில் வந்த முகத்தை வாசலிலேயே துடைத்துவிட்டு, உட்காரலாமா மேடம் என்று கேட்டுத்தான் உட்கார்ந்தான். கெட்டவனாக, அதட்டுகிறவனாக ஒருவன் வருவான் என்று அவள் காலையிலிருந்து மனசுக்குள் பதில் தயார் செய்து வைத்திருந்தாள், அது ஒன்றும் இவனிடம் செல்லுபடியாகவில்லை. காகிதத்தை நிதானமாகப் படித்தான். படத்தையும் பார்த்தான், லென்ஸை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "நல்லா எழுதியிருக்கீங்க மேடம். நிழல் விஷயம் எனக்கே புரியுது. இது வெளிச்சம் இல்லைன்னு ஒத்துக்கலாம். ஆனா சுண்ணாம்பா இருக்கக் கூடாதா? சுவர்ல பூச்சு உதிர்ந்து திட்டுத் திட்டா நிக்குமே." "சுண்ணாம்பு இப்படித் தொங்காது," என்றாள் சுகந்தி. "சரி. முறுக்குக் கயிறுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுல ஒரு கோடுதான் தெரியுது, கண்ணு அப்படி. அந்த முறையில துணி காயப்போட்டா இப்படித்தான் தொங்கும்னு எங்கயாவது புத்தகத்துல இருக்கா?" "இல்லை." "வேற படம் ஏதாவது?" "இல்லை." அவன் பேனாவை மூடித் திறந்தான். குறும்பில்லை, பொறியில்லை, தெரிந்துகொள்கிற ஆசைதான். "அப்ப உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது? ஜட்ஜ் மொத கேள்வி அதைத்தான் கேப்பாரு. நேர்ல பாத்த பழக்கமா? உங்களுக்கு அந்தப் பக்கமா ஊரு?" வைதேகி தன் மேஜையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தாள், அவள் கை நின்றது மாதிரி இருந்தது, நிற்காமலும் இருந்திருக்கலாம். சொல் என்றது மனசுக்குள் ஒன்று. ஆமாம், பிறந்ததே அங்கேதான், அந்தக் கயிற்றில் என் நகம் போயிருக்கிறது என்று சொல். சொன்னால் மட்டும் என்ன, சொந்தக்காரி எழுதினது செல்லாது என்று தள்ளிவிடுவார்கள் என்றது இன்னொன்று. தள்ளட்டுமே, சொன்னேன் என்று இருக்குமே. தாரிணி, என்றது. "இல்ல," என்றாள். "எனக்குத் திருநெல்வேலி டவுன். அந்தப் பக்கம் பழக்கமில்ல."

"அப்ப ஒண்ணு செய்யலாமா மேடம்," என்றான் கதிரேசன், அவளுக்கு உதவி செய்கிற குரலில். "துணிகள்னு அடிச்சுச் சொன்னா உங்களைத்தான் கூண்டுல ஏத்திக் குடைவாங்க. துணிகளாக இருக்கலாம்னு போட்டுடுங்க. தெளிவுங்கறதும் வேண்டாம். உங்களுக்கும் சேஃப்." அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை அவள் அப்போதே வெறுத்தாள், வெறுத்துக்கொண்டே திருத்தினாள். தெளிவு என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. இருக்கலாம் என்ற சொல்லை இடுக்கில் எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. நாற்பது வீட்டையும் சாய்க்க அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை, இது அவனுக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டான். அவன் போன பிறகு வைதேகி வந்து, "சாப்பிடலாமா அக்கா?" என்றாள், எப்போதும்போலத்தான் கேட்டாள், ஒரே தடவைதான் கேட்டாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் படத்தை உறையில் வைத்தாள். வைக்கும்போது அந்த வெள்ளை வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

சித்தியின் போன் வந்தபோது அவள் வராந்தாக் கோடியில் நின்றிருந்தாள். எடுக்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தாள், விட்டால் ஆபீஸ் நம்பருக்கே அடித்துவிட்டால். "ஏட்டி இசக்கி, எழுதிட்டியா?" "எழுதிட்டேன் சித்தி." "நாம காலங்காலமா அங்கனதான் இருக்கோம்னு எழுதிட்டியா?" கீழே தோட்டத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருந்தார்கள். "ஆமா சித்தி," என்றாள் சுகந்தி. "எழுதிட்டேன்." அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம். "எனக்குத் தெரியும்ட்டி. உங்கப்பன் கூட்டிட்டுப் போனாலும் நீ எங்க புள்ளதான்னு இவுககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். இரு, வச்சிராத. எல்லாரும் இங்கனதான் நிக்காவ, ஆளுக்கொரு வார்த்தை உன்கிட்ட பேசணுங்காவ." போன் கை மாறுகிற கரகரப்பு. "தாயீ, நல்லா இருப்ப," என்றது ஓர் ஆண்குரல், வயசான குரல், யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "சரி," என்றாள். இன்னொரு பெண்குரல், "வீட்ட காலி பண்ணணும்னு மூட்ட கட்டி வச்சிருந்தோம், இப்பத்தான் அவுத்தோம்," என்றது. "சரி," என்றாள். அடுத்து ஒருத்தி, சிரிப்பும் அழுகையுமாக, "உன் மவளுக்கு நல்ல எடத்துல அமையும் பாரு, எங்க வாய் பலிக்கும்," என்றாள். சுகந்தி வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் சரி என்றாள். அந்தப் பக்கம் அடுத்தவர் போனை வாங்கினார்.